பூச்சிக்குக் கை இரண்டு

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, காந்தா ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்தாள்.

ஆலங்காயத்திலிருந்து ஆபீசரின் ஜீப் ஏறி வருகிறதென்று தையல் சென்டர் மொத்தமும் ரோட்டில் போய் நின்றிருந்தது. உள்ளே அவளும், மேஜைமேல் இரண்டு துணிப் பூச்சிகளும்தான்.

ஒன்று அவள் தைத்தது. இன்னொன்று அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி திரௌபதி தைத்தது.

பள்ளிக்கூடத்தில் காட்டிப் பாடம் நடத்த, புளியமரப் பொந்தில் இருக்கிற உள்ளங்கை அகல எட்டுக்கால் பூச்சியைத் துணியில் செய்து தரச் சொல்லியிருந்தார்கள். நன்றாகச் செய்தவளுக்கு ஒரு தையல் மிஷின். எழுபத்தொன்பதில் அந்த மலை ஊரில் மிஷின் வைத்திருந்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. மற்ற பெண்கள் தைத்தது பூச்சியா நண்டா என்று அவர்களுக்கே தெரியாமல் போனதால், மிஞ்சியது இந்த இரண்டுதான்.

காந்தா ஒரு குறையும் வைக்கவில்லை. கறுப்புக் கம்பளி, உள்ளே இலவம்பஞ்சு, பக்கத்துக்கு நாலு கால், முன்னால் இரண்டு கை. ஆமாம், அந்தப் பூச்சிக்குக் கை உண்டு. பார்த்தால் கால் மாதிரியே இருக்கும். இரையைத் தடவிப் பார்ப்பதும் இழுத்துப் பிடிப்பதும் அந்தக் கைதான். புளி உலுக்கிப் பழகிய மலைக்காரிக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஒரு பொந்தில் இரண்டு பெட்டைப் பூச்சி தங்காது என்றும் சொல்வார்கள். அந்த ஒரு விஷயத்தில் காந்தாவுக்கு அதன்மேல் மரியாதையே உண்டு. அவளுக்கு வாய்த்ததோ ஒரே முற்றம், இரண்டு அடுப்பு.

திரௌபதி தன் பூச்சிக்கு ஆட்டுமயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தைத்திருந்தாள். அது போதாதென்று, முன்காலைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மஞ்சள். பூச்சி கோபத்தில் காலைத் தூக்கும்போது மட்டும் தெரிகிற மஞ்சள். காந்தாவும் நூறு தடவை பார்த்ததுதான். தைக்கும்போது ஞாபகம் வரவில்லை. இவளுக்கு மட்டும் எப்படி வந்தது?

எல்லாம் இவளுக்கு மட்டும்தான் வரும். மாமியார் வாயில் நல்ல பேர், கேட்காமலே மூக்குத்தி வாங்கித் தருகிற புருஷன். இனி மிஷினும் போய் அந்தப் பக்கம் உட்காரும். அது நாளெல்லாம் கடகடவென்று ஓடுவதைக் கேட்டுக்கொண்டே காந்தா இந்தப் பக்கம் களி கிண்ட வேண்டும்.

நினைக்க நினைக்கக் காந்தாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

இரண்டே வெட்டு. திரௌபதியின் பூச்சிக்கு இருந்த இரண்டு கையும் உள்ளங்கையில் வந்து விழுந்தன. இடுப்பில் செருகிக்கொண்டாள். கை இல்லாத மொண்டிப் பூச்சியை எந்த ஆபீசர் எடுப்பார்?

ஆபீசர் வந்தார். காந்தாவுடையதை முதலில் எடுத்து, பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

“இன்னாம்மா இது, பத்து காலு வெச்சித் தச்சிருக்க? பசங்க சிரிக்க மாட்டாங்களா?” என்று ஓரமாகத் தள்ளிவைத்தார்.

அது கால் இல்லை, கை என்று சொல்லக் காந்தா வாயைத் திறந்தாள். சொன்னால், அடுத்த பூச்சியின் கை எங்கே என்று கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டாள். இடுப்பில் ஆட்டுமயிர் குத்தியது.

ஆபீசர் அடுத்ததை எண்ணினார். எட்டு. தூக்கிப் பார்த்து, மஞ்சளைக் கண்டு சிரித்தார். மிஷினுக்கான தாளில் திரௌபதியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரௌபதி சிரிக்கவில்லை. பூச்சியை வாங்கி, முன்பக்கம் வெட்டுப்பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். நிமிர்ந்தபோது அவள் பார்வை காந்தாவின் முந்தானையில் போய் நின்றது. அங்கே நாலைந்து ஆட்டுமயிர் ஒட்டியிருந்தது.

காந்தாவுக்குக் கை கால் ஓடவில்லை.

திரௌபதி கிட்டே வந்து, யாரும் பார்ப்பதற்குள் அந்த மயிரைத் தட்டிவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“எட்டுதான் கேப்பாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா? உன்னுத வுட்டுட்டு என்னுத வெட்டி சரி பண்ணிக்கீறியே.”

இந்த மனசும் இவளுக்கே போய் வாய்த்திருக்கிறதே என்று காந்தாவுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.