நட்சத்திரம் கட்டாத வீடு

மண்டையைப் பிளக்கும் மே மாத வெயிலில்தான் கிறிஸ்துமஸ் ஆல்பம் பதிவாகிக்கொண்டிருந்தது. இரைச்சல் விழும் என்று ஏசியையும் அணைத்துவிட்டார்கள்.

"குரல்ல சிரிப்பே வரலியேம்மா," என்றார் ஒலிப்பதிவாளர் ஆசீர்.

பாடகி ஜெனிட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவை அடக்கம் பண்ணி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்ட மாட்டார்கள்.

"வீடு வீடா கேரல் பாடப் போறப்ப, துக்க வீட்டு வாசல்ல மட்டும் மேளம் இல்லாம பாடுவோம்லண்ணே. அப்படி ஒரு தடவை பாடிக்கிடட்டுமா?"

ஆசீர் அவள் ஹெட்போனில் மேளத்தை நிறுத்தினார். அவள் அதே பாட்டை மெல்லப் பாடினாள். பாடி முடித்தும் நகரவில்லை. துக்க வீட்டில் பாடினால், உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறக்கும்வரை வாசலில் நிற்பதுதான் வழக்கம்.

ஆசீரும் பதிவை நிறுத்தவில்லை.