கடைக்கு ஒரே திறப்பு

"சொந்தக் கடை வாசலிலை நிண்டு விறைக்கிற முதலாளி உலகத்திலை நீங்கள் ஒராள்தான் அண்ணை!"

பேபி அன்ரி சொன்னதில் நியாயம் இருந்தது. கனடாவின் ஸ்காபரோவில் காலை ஆறு பத்து, குளிர் மைனஸ் பதினெட்டு. ரோல்ஸுக்கும் கொத்துரொட்டிக்கும் பேர்போன கடையின் சொந்தக்காரர் அருள்நாயகம், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று கையை ஊதிக்கொண்டிருந்தார்.

"இப்ப வந்திடுவான் பேபி."

"உவன் வந்து திறந்து, நான் எப்ப மாக் கரைச்சு எப்ப பொரிக்கிறது? பத்து மணிக்கு அஜக்ஸிலை நடக்கிற சாமத்தியச் சடங்குக்கு இருநூறு ரோல்ஸ். ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு, இருக்கு."

உவன் என்றது மிகோலாவை. பெலாருஸ் நாட்டுக்காரன். அங்கே பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பித்தவன். அரசாங்கத்துக்கு எதிரான ஊர்வலத்தில் நடந்ததற்காக மூன்று வருடம் மறியலில், சிறைக்குள், வைத்துவிட்டு, ஒருநாள் நாட்டு எல்லையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்களாம். அகதிகளுக்கு உதவுகிற ஸ்டெபனி போன மாதம் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அருள்நாயகம் ஒரு கேள்வியும் கேட்காமல் வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அதில் பேபி அன்ரிக்குக் கோபமில்லை. அவரும் ஒரு காலத்தில் அகதியாக வந்து இறங்கியவர்தான். முதல் நாளே அவனுக்கு மூன்று ரோல்ஸ் கொடுத்து, தின்று முடியும்வரை பக்கத்தில் காவல் நின்றவர்.

அவனுடைய போக்குத்தான் பிடிபடவில்லை. வந்த புதிதில், உருளைக்கிழங்கு எடுத்து வா என்றால் சாமான் அறைக் கதவுவரை போவான். பூட்டில்லாத கதவு, தள்ளினால் திறக்கும். அவனோ தள்ளமாட்டான். யாராவது வரும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நிற்பான்.

"வாத்தியார் எல்லோ! கதவு திறந்துவிட ஆள் வேணும்" என்று புறுபுறுத்துக்கொண்டே பேபி அன்ரி போய்த் திறந்துவிடுவார்.

அப்படிப்பட்டவனிடம் இரண்டாம் கிழமையே அருள்நாயகம் கடைத் திறப்பை, கதவுச் சாவியை, கொடுத்துவிட்டார். மற்றத் திறப்பு தொலைந்துபோய்விட்டதாம். இனி இது ஒன்றுதானாம். காலையில் அவன் வந்து திறந்தால்தான் கடையாம்.

அங்கேதான் வந்தது வினை.

"ஒம்பது வருசமா இந்தக் கடையிலை மாவோட மாவாக் கிடக்கிறன். ஒருநாள் எண்டாலும் என்னட்டைத் திறப்பைத் தந்தனீங்களோ? வெள்ளைத்தோலைக் கண்டால் எங்கட ஆக்களுக்கு..."

"பேபி!"

"சொல்லத்தான் போறன். இண்டைக்கு அவன் வந்த உடன திறப்பை வாங்கி என்னட்டைத் தாங்கோ. இல்லாட்டி நாளைக்கு நான் வரமாட்டன். விட்பியிலை ஒரு கடைக்காரன் மூண்டு தரம் கேட்டுப்போட்டான்."

அருள்நாயகத்தின் முகம் சுருங்கிப்போனது. பேபி அன்ரி இல்லாவிட்டால் ரோல்ஸ் இல்லை. ரோல்ஸ் இல்லாவிட்டால் கடையும் இல்லை.

அன்ரிக்குப் பல் கிடுகிடுத்தது. மருமகன் காரில் கொண்டுவந்து இறக்கினால் நேரே உள்ளே போய்விடலாம் என்று மெல்லிய கோட்டோடு வந்திருந்தார். அருள்நாயகத்துக்கோ வீடு பின்வீதியில். நடந்து வருகிறவர், தடித்த ஜாக்கெட் போட்டிருந்தார். அதைக் கழற்றி நீட்டினார்.

"முதல் இதைப் போடு. சண்டையைப் பிறகு பிடிப்பம்."

அன்ரி வேண்டாவெறுப்பாகப் போட்டுக்கொண்டு, விறைத்த கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டார். ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தார்.

பிள்ளையார் தொங்கும் வளையத்தில் கடைத் திறப்பு! ஒன்பது வருடமாகப் பார்த்த அதே திறப்பு.

"அண்ணை! துலைஞ்சு போச்செண்டு சொன்னது?"

அருள்நாயகம் களவெடுத்துப் பிடிபட்டவர்போல முழித்தார்.

"கத்தாதை பிள்ளை. எண்பத்தாறிலை நானும் ரெண்டு வருசம் மறியலுக்குள்ளை இருந்தனான். அங்கை ஒரு கதவையும் நாங்கள் தொடேலாது. அவங்கள் திறந்தால் போறது, பூட்டினால் இருக்கிறது. வெளியாலை வந்த பிறகும் கன காலம் எங்கட வீட்டு வாசலிலையே நிண்டுகொண்டிருப்பன். கை கதவுக்குப் போகாது."

அன்ரி திறப்பைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

"அதுதான், அவன் திறந்து நாங்கள் உள்ளுக்குப் போறதெண்டு வைச்சன். போன கிழமை உருளைக்கிழங்கு எடுக்கத் தானே கதவைத் தள்ளித் திறந்தவன், கண்டனியோ?"

கண்டிருந்தார். வாத்தியாருக்கு இப்போதுதான் சுறுசுறுப்பு வந்திருக்கிறது என்று பகிடியும் பண்ணியிருந்தார். அதை நினைக்க இப்போது வெட்கமாக இருந்தது.

பஸ் வந்து நின்றது. மிகோலா குதித்திறங்கி, பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடிவந்தான். வாசலில் அன்ரியைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. கடையில் பொறுக்கிய தமிழையெல்லாம் ஒன்றுசேர்த்தான்.

"மன்னிக்கோணும் அன்ரி. பஸ் லேட். நான் சரியில்லை. திறப்பு... நீங்கள்."

திறப்பை அவரிடம் நீட்டினான்.

அருள்நாயகம் அன்ரியைப் பார்த்தார்.

பேபி அன்ரி கைக்குள் பொத்தியிருந்த பிள்ளையாரைப் பொக்கற்றின் அடிவரை தள்ளிவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"என்னட்டைத் தந்தால் நான் துலைச்சுப் போடுவன். கெதியாத் திற தம்பி, நீ வராட்டி நாங்கள் ரெண்டு பேரும் எப்பிடி உள்ளுக்குப் போறது?"