சுடரின் காது மெஷின்

“சுடரோட காது மெஷினையும் சிதையில அவகூடவே வச்சிட்டேன் வானதி,” என்று கல்யாணமான புதிதில் மதிவாணன் சொல்லியிருந்தான். சுடர் அவனுடைய முதல் மனைவி.

“நான் கேட்டேனாங்க?” என்று சிரித்து மழுப்பியிருந்தாள் வானதி. அவன் அன்றும் இன்றும் அவளிடம் உரக்கத்தான் பேசுகிறான். அவள் காது நன்றாகவே கேட்கும்.

வயலுக்குத் தண்ணீர் வைக்கும் முறை வந்தால் ஒலித்து நினைவூட்டும் அவனுடைய டிஜிட்டல் டைரி, கொஞ்ச நாளாகச் சத்தமே போடவில்லை. இன்று மத்தியானம் அவள் அதன் செட்டிங்ஸைத் திறந்தாள். புளூடூத்தில் ‘சுடர் காது மெஷின் - இணைந்துள்ளது’ என்றிருந்தது. சத்தமெல்லாம் அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

பொய் சொல்லியிருக்கிறான், எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். பீரோ, பரண், அரிசி டிரம் எல்லாவற்றிலும் தேடினாள். கிடைக்கவில்லை. இணைப்பை அழித்தாள், திரும்ப வந்தது. வீட்டை விட்டுத் தள்ளிப்போனால் அறுந்துவிடும் என்று டைரியோடு வாய்க்கால் வரை நடந்தாள். அறுபடவில்லை. கூடவே வந்தது.

ஆளில்லாத வரப்பில் நின்று ஒலியளவை முழுதாக உயர்த்தினாள். டைரியின் மைக்கை வாயருகே கொண்டுபோய், இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்ததைச் சொன்னாள்.

“அக்கா, அவர எனக்கும் கொஞ்சம் விட்டுக்குடுங்கக்கா.”