மணி அடித்ததும் சீவும் சீப்பு

ஒரு அலுவலகத்தின் லிஃப்டை இயக்கும் கணினிக்குள் மணி, சீப்பு என்று இரண்டு குட்டி நிரல்கள் இருந்தன. பொறியாளர்கள் எதையாவது எழுதி கமிட் செய்ததும், அதாவது கணினியில் பதிவுசெய்ததும், மணி அடித்து மேலாளர் தணிகாசலத்தின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். மணி அடித்ததும் சீப்பு எழுந்து, வந்த வரிகளைச் சீவி ஒழுங்காக்கும். அதற்குப் பிறகுதான் எதுவும் லிஃப்டுக்குப் போகலாம். இந்த ஏற்பாடெல்லாம் தணிகாசலத்தின் யோசனை.

ஒருநாள் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனது. அதைச் சரிசெய்ய ஒரு திருத்தம் அவசரமாக உள்ளே வந்தது. மணி அடித்தது. சீப்பு சீவியது. சீவிய கையோடு, 'சீவியது சீப்பு' என்று கீழே ஒரு வரி எழுதி, அதையும் கமிட் செய்தது.

புது கமிட் வந்ததே என்று மணி மறுபடி அடித்தது. மணி அடித்ததே என்று சீப்பு மறுபடி சீவி, மறுபடி தன் பெயரை எழுதியது.

"அண்ணே, என்னை விடுங்கண்ணே! லிஃப்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டிருக்கார்" என்று கெஞ்சியது திருத்தம்.

"மணி அடிச்சப்புறம் சீவாம இருக்க முடியுமாப்பா?" என்றது சீப்பு.

"கமிட் வந்தப்புறம் அடிக்காம இருக்க முடியுமா?" என்றது மணி.

இருட்டு லிஃப்டுக்குள் வியர்த்து நின்ற தணிகாசலத்தின் கைபேசிக்கு 'புது கமிட் வந்தது, எல்லாம் சீர்' என்று செய்திமேல் செய்தி வந்தது. பழக்க தோஷத்தில் அவர் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் படத்தை அழுத்திக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, சாருக்கு எவ்வளவு திருப்தி!" என்றது மணி. சீப்பு இன்னும் உற்சாகமாகச் சீவத் தொடங்கியது.