பலாவடிக் காப்பிச் செடி

நிழல் மரங்களை ரம்பம் அறுத்த அந்தச் சத்தத்தைக் காப்பிச் செடி மறக்கவே இல்லை. வெயில் பட்டால் காய்ப்பு கூடும் என்று நம்பித் தோட்டக்காரி மாயக்காள் வெட்டச் சொன்ன நாள் அது. பழத்துக்காக ஒரு பலாவை மட்டும் விட்டுவைத்தாள்.

அதன் அடியில் நின்ற செடிக்கு ஆற்றாமை. "உன் குடைக்குக் கீழே நான் எப்போ காய்க்கிறது, அண்ணே? வெயில்ல நிக்கிற மத்த செடிக எப்படி மினுக்குறாளுக பாரு!"

"மினுக்கட்டும், தங்கச்சி," என்று பலா பழுத்த இலைகளை அதன் காலடியில் உதிர்த்தது.

"குப்பையை வேற கொட்டுறியா?"

மூன்றாம் வருஷம் மழை பொய்த்தது. பங்குனியில் ஒரே ஒரு தூறல் விழுந்தது; ஆனால் மினுக்கியவர்கள் எல்லாம் அதற்கு முன்பே கருகியிருந்தார்கள். செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மலையிறங்கிவிடுவது என்று மாயக்காள் கடப்பாரையோடு வந்தாள். பலாவடியில் கால் நின்றுவிட்டது. சருகுக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது. அதன் மேல் செடி, அந்த ஒரு தூறலுக்கே அடி முதல் நுனி வரை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது.

"அண்ணே," என்றது செடி, "இன்னும் கொஞ்சம் குப்பை போடேன்!"

அதன் விதையில் முளைத்த நாற்றுகளைச் சரிவு முழுக்க, இடையிடையே பலாக்கன்றுகளோடு, மாயக்காள் நட்டாள். அவள் மலையிறங்கவே இல்லை.