நீலம் பத்தாது

“வானத்துக்கு நீலம் பத்தாதும்மா” என்றார் தனசேகர் வாத்தியார், வழக்கம்போல.

ஐம்பது வயதில் வாட்டர்கலர் பழக வில்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்கு வந்துபோகும் மகாதேவி, ஏரிக்கு மேலிருந்த வானத்தில் மறுபடியும் நீலம் பூசினாள். அவருக்கு அதுவும் பத்தவில்லை.

சில வாரம் லீவில் இருந்துவிட்டு அவர் திரும்பி வந்ததும் அழாக்குறையாகச் சொன்னாள்: “எனக்குக் கண்ணு போச்சு போலங்க சார். நீலமே சரியாத் தெரியமாட்டேங்குது. நாளைக்கு மதுரையில காட்டப் போறேன்.”

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவள் படத்தைப் பார்த்தார்.

“யாரும்மா இம்புட்டு நீலத்தைக் கொட்டச் சொன்னது?”

“நீங்கதான் சார்!”

வாத்தியார் அசடு வழிந்தார்.

“நீங்க மதுரைக்குப் போக வேணாம்மா. நான் போய்க் கண்புரைய எடுத்துட்டு வந்துட்டேன்.”