பக்கத்து வீட்டு அக்கா

தலைச்சோலையில் ஞாயிற்றுக்கிழமை மதியமே பனிமூட்டம் வாசல்வரை வந்து நிற்கிறது. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கும் அருக்காணியின் வீட்டுக்குள் அக்கம்பக்கத்தார் நெருக்கியடித்து உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். சேலத்துக் கல்லூரியில் படிக்கும் அவள் மகள் சசிகலா, போன மாதம் சென்னைக்குப் போய் ஆடிய சொல் விளையாட்டு இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. கலைந்த எழுத்துகள் திரையில் வந்து விழுவதற்குள் அவள் சொல்லைக் கண்டுபிடித்துவிடுகிறாள். ஒவ்வொரு சொல்லுக்கும் வீடு அதிரக் கை தட்டுகிறார்கள். சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சசிகலா மட்டும் நிமிரவில்லை. அடுத்து வரப்போவது அவளுக்குத் தெரியும். "உங்ககூட யார் வந்திருக்காங்க?" என்று தொகுப்பாளர் கேட்கிறார். கேமரா பார்வையாளர் பக்கம் திரும்புகிறது. அங்கே அருக்காணி, கறை படிந்த விரல்களைச் சேலைத் தலைப்பில் மறைத்தபடி எழுந்திருக்கப் பார்க்கிறாள். "பக்கத்து வீட்டு அக்கா," என்கிறது திரையில் சசிகலாவின் குரல். சிரித்த முகம் மாறாமல் அருக்காணி மறுபடி உட்கார்ந்துவிடுகிறாள்.

வீட்டில் கைதட்டல் நின்றுபோகிறது. "ஏனுங்க்கா, உங்களையா புள்ள அப்பிடிச் சொல்லுது?" என்று கேட்கிறாள் எதிர்வீட்டுக் கண்ணம்மாள்.

"நாந்தானுங்க சொல்லச் சொன்னேன். அத்தன பேரு முன்னால அம்மான்னு எந்திரிச்சு நிக்க எனக்கு நொம்ப வெக்கமா இருந்துச்சுங்க."

அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் நம்பிச் சிரிக்கிறார்கள். சசிகலாவின் காதுமடல் கொதிக்கிறது. முகத்தை முழங்காலில் இன்னும் அழுத்திக்கொள்கிறாள். அருக்காணி நகர்ந்து வந்து அவள் தோளைத் தொடுகிறாள்.

"தலையத் தூக்கிப் பாரு கண்ணு. இப்பத்தான் நீ ஜெயிக்கப் போற."